போலோ ஜிடிக்கு ஐபாக் புரோ-கிட் ஸ்பிரிங்: சேலத்தில் மாட்டுபவர்களுக்கு

ஐபாக் புரோ-கிட் என்பது காரின் உயரத்தைக் குறைக்க மாட்டும் ஸ்பிரிங் செட். விற்பவர் "கார் 30 மில்லிமீட்டர் இறங்கும் சார்" என்று சொன்னால் அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது ஐரோப்பாவில் ஓடும் போலோவின் கணக்கு. நம் ஊரில் விற்ற போலோவை ஃபோக்ஸ்வேகன் வேண்டுமென்றே உயர்த்தித்தான் கொடுத்தது. ஜெர்மன் காருக்கென்று சுருட்டிய ஸ்பிரிங்கை அதில் மாட்டினால் 30-ஐத் தாண்டி இறங்கும். இந்த செட்டை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு கறுப்பு ஸ்பிரிங்குகள், பவுடர் கோட்டிங் கெட்டி. சுற்றுகள் ஒரே இடைவெளியில் இல்லை: நெருக்கமானவை முதலில் அமுங்கும், அகலமானவை பிறகு தாங்கும். அதனால் நகரத்துக் குழிகளில் கட்டை மாதிரி இடிக்காது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பும்போது உடல் சாய்வது தெளிவாகக் குறையும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் மூக்கு முன்போல குத்துவதில்லை. 40,000 கி.மீ. தாண்டிய பழைய ஷாக் அப்சார்பரோடு (சுருக்கமாக ஷாக்) மட்டும் இதைச் சேர்க்காதீர்கள். ஸ்பிரிங் கெட்டியானதும் ஷாக்கால் அடக்க முடியாமல் கார் தவளை மாதிரி துள்ளும். புதிதாக வாங்குவதென்றால் தாழ்த்திய காருக்கென்றே குட்டையாக வரும் பில்ஸ்டைன் பி8 சரியான ஜோடி.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அளவெடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று கணக்கைக் கெடுக்கும்.

பின்பக்கம் சுலபம், ஒன்றரை மணி நேர வேலை. போலோவில் பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. இரு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கடியில் ஜாக்கியைக் கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று ஒரு கண் வைத்திருங்கள். ஸ்பிரிங் உட்காரும் பழைய ரப்பர் இருக்கைகளையே புது ஸ்பிரிங்குக்கும் போட்டு, ஸ்பிரிங் முனை அதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

முன்பக்கம்தான் அரை நாளைத் தின்னும். இங்கே ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) ஹப் (சக்கரம் மாட்டும் பாகம்) கவ்விப் பிடித்திருக்கும். கவ்வும் போல்ட்டைக் கழற்றிய பிறகும் அது வராது. பிளவை அகட்ட ஸ்பிரெட்டர் என்ற முட்டைவடிவ பிட் ஒன்று உண்டு. உள்ளே விட்டு கால் சுற்று திருப்பினால் போதும். அது இல்லாமல் உளியைச் செருகிச் சுத்தியலால் அடிப்பதுதான் பல பட்டறைகளின் வழக்கம். ஹப் விரிசல் விட்டால் ஸ்பிரிங் செட்டின் விலைக்கு மேல் செலவு வைக்கும். முந்தைய இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.

ஸ்ட்ரட் வெளியே வந்ததும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர்களை நேர் எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கையாலேயே இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கூடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கில் சில நூறு கிலோ விசை அடங்கியிருக்கிறது; கொக்கி நழுவினால் தாடையை உடைக்கும். ஸ்பிரிங் இருக்கையில் ஆடும் அளவுக்கு அமுங்கிய பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். மேல் மவுண்ட் பேரிங் கரகரவென்றால் அப்போதே மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்ற நினைத்தால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் துண்டு) கழற்றி எறிவதும் வேண்டாம், குத்துமதிப்பாக வெட்டுவதும் வேண்டாம். அது இல்லாவிட்டால் நான்கு பேர் ஏறிய காரில் ஷாக்கின் உள்பிஸ்டன் நேராக அடிவாங்கும்.

பலர் சொதப்பும் இடம் கடைசி இறுக்கம். ரப்பர் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) வழியாகப் போகும் போல்ட்டுகளைக் கார் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழியும். கார் உட்காரவேண்டிய உயரத்துக்கும் வராது. சக்கரத்தில் எடை ஏறிய பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் போல்ட்டுகளுக்குப் புதுசு போடுங்கள். சக்கர போல்ட் 120 நியூட்டன் மீட்டர்.

இனி உயரம். தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள சுமார் 165 மி.மீ. இடைவெளியில், 30-ஐத் தாண்டி ஒரு 40 போனால் 125. ஆட்களும் பெட்டிகளும் ஏறினால் 10 செ.மீ. சுற்றுவட்டத்துக்கு வந்துவிடும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். போலோவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2.47 மீட்டர் என்பதால் கார் முழுதாக அதன் மேல் ஏறிவிடும். நடு வயிற்றுக்குக் கீழே தேவைப்படுவது சுமார் 4.5 செ.மீ.தான். உரசாது. ஆனால் தெருக்காரர்கள் தாங்களே சிமெண்டில் போட்ட ஒரு முழ அகல மேடு முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் முழு உயரத்தோடு நிற்கும். சேலத்தில் உங்கள் வீட்டுத் தெருவில் அப்படி இரண்டு இருந்தால் இந்த செட் வேண்டாம். வாரக்கடைசியில் குடும்பத்தோடு ஏற்காட்டுக் காபித் தோட்ட விடுதிகளின் செங்குத்து மண்பாதையில் ஏறுபவர்களுக்கும் வேண்டாம். பெரும்பாலும் தனியாக அல்லது இருவராக ஓட்டுபவர்களுக்கு நல்ல கொள்முதல்.

இதைவிட மலிவாக, இருக்கிற ஸ்பிரிங்கையே கேஸ் கட்டரால் ஒரு சுற்று வெட்டித் தரும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். முனை சமமாக உட்காராது. வளைவில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையை விட்டே நகரலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றத் தடை சொல்கிறது. மாட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மாட்டியதும் வீல் அலைன்மென்ட்டுக்கு ஓட வேண்டாம். ஸ்பிரிங் இன்னும் சில மில்லிமீட்டர் படியும். இருநூறு கி.மீ. ஓட்டிவிட்டு, முதலில் எடுத்த நான்கு அளவுகளோடு ஒப்பிட்டு, அப்புறம் போங்கள். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு). அதை ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடில் சரிசெய்யலாம். ஹெட்லைட் வெளிச்சத்தையும் அன்றே சுவரில் அடித்துப் பாருங்கள். திரும்பும்போது முன்பக்கம் "டங்" என்று சத்தம் வந்தால் ஸ்பிரிங் முனை இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி இறக்குங்கள்.