வடபழனி மாலின் வாடகையில் எனக்கும் ஒரு பங்கு: நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் யூனிட்டுகள் பற்றிய மதிப்பீடு

குரோம்பேட்டையில் எனக்குச் சொந்தமான ஒரு இரண்டு படுக்கையறை அடுக்ககம் இருக்கிறது. அதன் இன்றைய விலை ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய். மாத வாடகை 16,500 ரூபாய். குடியிருப்பவர் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, வெள்ளையடிப்பு, குழாய் வேலை, சொத்து வரி எல்லாவற்றையும் கழித்துவிட்டால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் மிஞ்சுகிறது. அதாவது, விலை மதிப்பில் இரண்டரை விழுக்காடு. ஓய்வுக்குப் பிந்தைய வருமானத்துக்காக இரண்டாவதாக ஒரு வீட்டை வாங்கலாம் என்று 2023-இல் யோசித்தபோது, மறுவிற்பனை வீட்டுக்கு 60 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 5,40,000 ரூபாய் முதல் நாளே போய்விடும் என்று தெரிந்தது. ஏறக்குறைய முப்பத்து மூன்று மாத வாடகை அது. அந்தக் கணக்கைப் போட்ட தாளை மடித்து வைத்துவிட்டு, அந்த ஆண்டு மே மாதம்தான் சந்தைக்கு வந்திருந்த நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்டின் யூனிட்டுகளைச் சில மாதங்களில் சிறிது சிறிதாகச் சேர்த்து, சராசரியாக 118 ரூபாய் வீதம் 2,500 யூனிட்டுகள் வாங்கினேன்.

இது ரீட் எனப்படும் வகையைச் சேர்ந்தது. வாடகை தரும் பெரிய கட்டடங்களை ஒரு டிரஸ்டின் கீழ் கொண்டுவந்து, அதன் உரிமையைச் சிறு சிறு யூனிட்டுகளாக்கிப் பங்குச் சந்தையில் விற்பதுதான் ஏற்பாடு. இந்தியாவில் இதற்கான விதிமுறைகளைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014-இல் கொண்டுவந்தது. முதல் ரீட்டான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில்தான் பட்டியலிடப்பட்டது. எம்பசி, மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு ஆகியவை அலுவலகக் கட்டடங்களை நம்பியவை. நெக்ஸஸ் மால்களை நம்பியது. அந்த வகையில் இந்தியாவில் முதலாவது. 100 ரூபாய் விலையில் யூனிட்டுகளை வெளியிட்டபோது அதன் கையில் 14 நகரங்களில் 17 மால்கள் இருந்தன. ஆற்காடு சாலையில் உள்ள வடபழனி விஜயா மாலும் அவற்றில் ஒன்று. அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும், இதில் எனக்கு எத்தனை பைசா திரும்பி வரும் என்று கணக்குப் போட்டு வீட்டில் கேலிக்கு ஆளாகிறேன்.

செபி விதிகளின்படி சொத்து மதிப்பில் குறைந்தது 80 விழுக்காடு கட்டி முடிக்கப்பட்டு வருமானம் தருவதாக இருக்க வேண்டும். பகிர்ந்தளிக்கத் தக்க ரொக்கத்தில் குறைந்தது 90 விழுக்காட்டை யூனிட் வைத்திருப்போருக்குக் கொடுத்துவிட வேண்டும். கடன் சொத்து மதிப்பில் 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீட்டுமனை விளம்பரங்களில் 'உறுதியான மாத வருமானம்' என்று எழுதுகிறார்களே, அதற்குப் பின்னால் இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இங்கே தொகைக்கு உறுதி கிடையாது. வந்ததைப் பதுக்காமல் கொடுக்க வேண்டும் என்பதற்கு மட்டுமே சட்டத்தின் உறுதி உண்டு. நான் வாங்கியது அந்த வேறுபாட்டுக்காகத்தான்.

காலாண்டுக்கு ஒருமுறை யூனிட்டுக்கு இரண்டு ரூபாயை ஒட்டி வந்துகொண்டிருக்கிறது. என் 2,500 யூனிட்டுகளுக்கு அது ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய்; போட்ட பணமான 2,95,000 ரூபாய்க்கு ஆண்டு வரவு ஏழு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அடுக்ககத்தின் இரண்டரை விழுக்காட்டோடு ஒப்பிட்டால் மனம் குளிரத்தான் செய்யும். ஆனால் அந்த ஒப்பீட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதை முதல் ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் புரிந்துகொண்டேன்.

வரவு வைக்கப்படும் தொகை ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் வட்டி, ஈவுத்தொகை, கடன் திருப்பிச் செலுத்துதல் எனப் பல கூறுகள் உண்டு. வட்டிக்கு நம் வரி விகிதப்படி வரி. கொடுக்கும்போதே 10 விழுக்காடு பிடித்துக்கொள்கிறார்கள். ஈவுத்தொகைக்கு வரி உண்டா இல்லையா என்பது, மால்களை நடத்தும் துணை நிறுவனம் குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்ததா என்பதைப் பொறுத்தது. மூன்றாவது கூறுதான் கவனத்துக்குரியது. டிரஸ்ட் தன் துணை நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த கடனின் அசல் திரும்பி வந்து, அதுவே நம்மிடம் வருகிறது. இதற்கு உடனே வரி இல்லை; மாறாக, யூனிட்டை நாம் வாங்கிய அடக்க விலையிலிருந்து அது கழிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, நாளடைவில் இவ்வகையில் யூனிட்டுக்கு 8 ரூபாய் வந்திருந்தால், விற்கும்போது என் அடக்க விலை 118 அன்று, 110 என்றே கொள்ளப்படும். வரிக் கண்ணோட்டத்தில் அது நான் போட்ட முதலீட்டில் ஒரு பகுதி எனக்கே திரும்பி வந்தது போலத்தான். வாடகை என்று நினைத்து முழுவதையும் செலவழிப்பவர் இதை அறிந்து செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டு அறிவிப்பிலும் இந்தப் பிரிப்பு இருக்கும். ஆண்டு முடிவில் இந்தக் கூறுகளைக் காட்டும் வரிப் படிவமும் வரும். இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன், ஏனென்றால் பத்து ஆண்டுகள் கழித்து விற்கும்போது இந்தக் கழிவுகளை நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது.

சேவையில் எனக்கு நேர்ந்த ஒரே இடைஞ்சலுக்கு டிரஸ்ட் காரணமன்று. என் வங்கி மற்றொன்றோடு இணைந்ததில் கிளைக் குறியீடு மாறியது. யூனிட்டுகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் பழைய குறியீடே தங்கிவிட்டதால் ஒரு காலாண்டின் பணம் வராமல் திரும்பிப் போயிற்று. தரகு நிறுவனம் வங்கியைக் கைகாட்ட, வங்கி தரகு நிறுவனத்தைக் கைகாட்ட, ரத்து செய்த காசோலையை மூன்று முறை அனுப்பி, ஏழு வாரம் கழித்துப் பணம் வந்து சேர்ந்தது. குரோம்பேட்டை வீட்டில் வாடகை தாமதமானால் நேரில் போய்க் கேட்கலாம், குடியிருப்பவர் மோர் கொடுத்து உட்காரச் சொல்வார். இங்கே புகார் எண் மட்டும்தான்.

வருமானம் எவ்வளவு சீரானது என்பதற்கு வருவோம். மால் கடைக்காரர்களின் ஒப்பந்தங்களில் பொதுவாகக் குறைந்தபட்ச வாடகை ஒன்றும், விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் அதில் ஒரு பங்கும் இருக்கும். அதனால் தீபாவளிக் கூட்டம் நமக்கும் ஓரளவு பயன்படும்; அடிப்படை வரவோ கூட்டத்தைப் பொறுத்தது அன்று. இது நல்ல அமைப்பு. எனினும், 2020-இல் மால்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை மறக்க முடியாது. அலுவலக ரீட்டுகளில் எம்பசி அந்தச் சோதனையைச் சந்தையில் நின்று கடந்தது. நெக்ஸஸ் யூனிட்டுகள் 2023-இல் பிறந்தவை என்பதால் அதைக் கடந்த வரலாறு அவற்றுக்கு இல்லை. ஆகவே ஓய்வுக்கால வருமானத்தை இந்த ஒன்றின் மீது மட்டும் ஏற்றிவைக்க மாட்டேன். பாதியாவது ஓர் அலுவலக ரீட்டில் இருக்க வேண்டும் என்று கருதி, அடுத்த தவணைகளை அங்கே திருப்பியிருக்கிறேன்.

இன்னொன்று விலை. 118-இல் வாங்கிய எனக்கு ஏழு விழுக்காட்டை ஒட்டிய வரவு. யூனிட் 150 ரூபாய்க்கு மேல் போன பிறகு அதே எட்டுச் சொச்சம் ரூபாய்க்காக வாங்குபவருக்குக் கிடைப்பது ஐந்தரையை ஒட்டித்தான். வங்கி வைப்பு வட்டியைவிட அது குறைவாகக்கூட இருக்கலாம். வாடகை ஆண்டுக்காண்டு உயரும் என்ற எதிர்பார்ப்புக்குத்தான் அவர் அந்த வேறுபாட்டைக் கொடுக்கிறார். விலை ஏறியதைப் பார்த்து மகிழ்ந்த நானே, வரவுக்காக மேலும் வாங்க நினைத்தபோது அந்த ஏற்றத்தால் பின்வாங்கினேன்.

விற்பது எளிது. வீட்டை விற்க வில்லங்கச் சான்றிலிருந்து தரகர் பேரம் வரை மாதங்கள் ஆகும். யூனிட்டை ஒன்றிரண்டாகக்கூட விற்கலாம், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயமாக 12.5 விழுக்காடு வரிதான், அதுவும் பங்குகள் உள்ளிட்ட அத்தகைய ஆதாயம் ஆண்டுக்கு ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும். ஆனால் அந்த எளிமையே சிலருக்கு ஆகாது. நாள்தோறும் விலையைப் பார்த்து, பத்து ரூபாய் இறங்கியதும் விற்றுவிடும் சுபாவம் உள்ளவர்கள் அடுக்ககத்தையே வாங்கட்டும். அதன் விலை இறங்கினாலும் கண்ணில் படாது. மகளுக்கு நாளை குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் இது உதவாது. குடித்தனக்காரரின் தொலைபேசி வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பணத்தின் கூறுகளைக் குறித்துவைக்கும் பொறுமை உண்டு என்பவர்கள், ஆண்டு வரவை யூனிட்டின் விலையால் வகுத்துப் பார்த்து, ஆறரை விழுக்காட்டுக்குக் குறையாமல் கிடைக்கும் நாளில் வாங்கலாம். நானும் அந்த விலைக்காகத்தான் காத்திருக்கிறேன்.