மேலூர் பஸ்ஸில் ஏறும் லேப்டாப் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்?

ஊருக்குப் புறப்படும்போது லேப்டாப் கேட்டு உறவினர் யாராவது சொல்லி அனுப்பினால், இங்கேயே வாங்கிக்கொண்டு போவதா, ஊரில் வாங்கித் தருவதா என்ற கேள்வி வரும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய எனக்கு அதில் தயக்கமே இல்லை. 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். சட்டத்தில் தடை ஏதும் கிடையாது. ஆனால் பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. மேலூரில் இருக்கும் பெண்ணின் லேப்டாப்பில் ஒரு விசை பெயர்ந்துவிட்டால், அதைச் சரிசெய்ய ஆள் தேடிச் சிங்கப்பூருக்குக் கொடுத்தனுப்ப முடியுமா? ஊரில் பயன்படப்போவதை ஊரில்தான் வாங்க வேண்டும்.

அண்ணன் மகளுக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் முதலாண்டு முடித்திருக்கிறாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வைத்திருந்தது, அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசிடமிருந்து பெற்ற விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் எங்கள் வீட்டுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அதற்கு நான் என்றும் நன்றியுடையவள். இப்போது அதன் பேட்டரி செத்துவிட்டது, மூடியின் ஒரு பக்கக் கீல் விட்டுவிட்டது. இரண்டாம் ஆண்டில் கணினியில் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் வேறு வருகிறது. இனி அது தாங்காது.

அண்ணன் பெரிய திரையில் பிடிவாதமாக இருந்தார். "ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதை எதற்கு வாங்க வேண்டும் தங்கச்சி? கட்டடப் படம் வரைகிற பிள்ளை, கண்ணைச் சுருக்கிக்கொண்டா வரையும்?" என்றார். அரிசிக் கடைக் கணக்கை இரவில் அவரும் அதில் பார்ப்பார். பெரிய லேப்டாப்பில் வலப்பக்கம் தனியாக எண் விசைகள் இருக்கும் என்பதும் அவர் மனதில் இருந்தது. வெறும் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாத வாதம். குறைந்த விலை மாடல்களில் பெரும்பாலானவை 15.6 அங்குலத்தில்தான் வருகின்றன. அதே உள்ளுறுப்புகளோடு 14 அங்குலம் கேட்டால் சில நேரம் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பழைய செய்தித்தாளை எடுத்து மூன்று திரைகளின் அளவுக்கு வெட்டினோம். திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. அந்த ஓர் எண்ணிலிருந்து அகலமும் உயரமும் கண்ணுக்குத் தெரியாது. இப்போது பரவலாகிவரும் 16:10 விகிதத்தில் 14 அங்குலத் திரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலம், 19 சென்டிமீட்டர் உயரம். 16 அங்குலத் திரை 34.5 அகலம், 21.5 உயரம். பரப்பில் பெரியது சுமார் 30 சதவீதம் கூடுதல். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்த 15.6 அங்குலமோ பெரும்பாலும் பழைய 16:9 விகிதத்தில் வருவது. அதன் அகலம் 16 அங்குலத் திரைக்கு நிகர், உயரம் 19.4 சென்டிமீட்டர்தான். 14 அங்குலத்தைவிட அரை சென்டிமீட்டர் உயர்வுக்காக, நாலு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமான பெட்டியைச் சுமக்க வேண்டும். மூன்று தாள்களையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, மதினிதான் "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்டார்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 14 அங்குலமும் 16 அங்குலமும் ஒரே 1920 × 1200 புள்ளிகளோடு வந்தால், பெரிய திரையில் கூடுதலான வரைபடம் தெரியாது. அதே வரைபடம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். எழுத்தின் அளவை விண்டோஸில் கூட்டிக் குறைக்கலாம். கண் பார்வை குறைந்தவர்களுக்கு அந்தப் பெரிய எழுத்து உண்மையான உதவி, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 19 வயதுப் பெண்ணுக்கு அது முதன்மையான காரணம் ஆகாது.

எனக்கு முடிவைச் சொன்னது அரிசிக் கடைத் தராசு. மின்னணுத் தராசு, கிராம் கணக்குத் தப்பாது. அவள் வழக்கமாகக் கொண்டுபோகும் பையை அப்படியே தூக்கி வைக்கச் சொன்னேன்: ரெக்கார்டு நோட்டுகள், டிராஃப்டர், கால்குலேட்டர், டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில். லேப்டாப் இல்லாமலேயே ஐந்து கிலோவை நெருங்கியது. 14 அங்குல லேப்டாப்புகள் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 கிலோ, 16 அங்குலம் 1.7 முதல் 2 கிலோ. விளையாட்டுக்கென்று தனி கிராபிக்ஸ் அட்டையோடு வருபவை இரண்டரை கிலோ வரை போகும், அவற்றின் சார்ஜரே அரை கிலோவைத் தாண்டும். அரை கிலோ வித்தியாசம் பெரிதா என்று கேட்பவர்கள் காலை நேரத்தில் மேலூர் பஸ் நிலையத்துக்கு வந்து பார்க்க வேண்டும்.

மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து திருப்பரங்குன்றத்துக்கு நகரப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாணவிகளுக்கு அது பெரிய உதவி, ஆனால் கல்லூரி நேரத்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. நிற்பவர் தம் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். முன்பின் தெரியாத அம்மா ஒருவர் கேட்காமலே கை நீட்டி வாங்கிக்கொள்வார். ஏற்கெனவே அவர் மடியில் ஒரு காய்கறிப் பை இருக்கும், பக்கத்துப் பெண்ணின் பையும் இருக்கும். ஒரு நாள் அவளோடு நானும் போனேன். வெட்டிய தாள்களின் அளவுக்கு அட்டை வைத்து இரண்டு பைகளையும் கற்பனை செய்து பார்க்கவே தேவையில்லை. அகலப் பை என்றால் முன் இருக்கைக் கம்பியில் இடித்துக்கொண்டுதான் நிற்கும், பிரேக் போடும்போதெல்லாம் அந்த இடி மூடிக்கும் கீலுக்கும் போகும்.

கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் கை வைத்து எழுதும் பலகை பொருத்திய நாற்காலிகள்தானாம். "அத்தை, சீனியர் அக்கா ஒருவருடையது பெரியது. அந்தப் பலகையில் நிற்காது, மடியில் வைத்தால் சுடும்" என்றாள். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பழைய மடிக்கணினியிலிருந்த அவளுடைய படங்களையும் குறிப்புகளையும் எடுக்க டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சிறிய பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். மாடியில் ஒற்றை அறை. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அங்கேதான். அந்தத் தம்பி வட்டைக் கழற்றி, எங்கள் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றித் தந்தார். திறந்த பிறகுதான் கூலி சொன்னார், அதுவும் நான் நினைத்ததில் பாதி. அளவைப் பற்றிக் கேட்டேன். தன்னிடம் கீல் உடைந்து வருபவை பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்புள்ள பெரிய லேப்டாப்புகள் என்றார். மூடி அகலமாக இருந்து, ஒரு மூலையைப் பிடித்தே திறந்துகொண்டிருந்தால் முறுக்கு முழுவதும் ஒரு கீலில் இறங்குகிறது. உடனே மறுபக்கத்தையும் சொன்னார். "அக்கா, மெல்லிசான சின்ன மாடலில் ரேமைப் போர்டோடு பற்ற வைத்திருப்பான், பிறகு கூட்ட முடியாது. எட்டு ஜிபி கொடுத்தால் வாங்காதீர்கள், பதினாறாக வாங்குங்கள்." பெரிய உடம்பில் காற்றுப் போக இடம் அதிகம், மே மாத மதுரை வெயிலில் அது கணக்கில் வரும் என்பதையும் அவரே சொன்னார். விற்பதற்கு ஒன்றும் இல்லாத மனிதர் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு தனி.

பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய கடையில் அனுபவம் வேறு. வரிசையாக லேப்டாப்புகள், எல்லாவற்றிலும் வண்ணப் படம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தை நிறுத்தி ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கோட்டுப் படத்தையும் திறந்து காட்டச் சொன்னேன். விற்பனையாளருக்கு அது புதிய கோரிக்கையாக இருந்தது. கோட்டுப் படம் வந்ததும் உண்மை தெரிந்தது. விலை குறைந்த 15.6 அங்குலத் திரை ஒன்றில், தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே கோடுகள் வெளுத்தன. அதே விலைக்கு இருந்த 14 அங்குல ஐபிஎஸ் திரையில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கோடு கோடாகவே இருந்தது. அண்ணன் அதன்பிறகுதான் அங்குலத்தை விட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினார். அடிப்பக்கத்து ஒட்டுத்தாளையோ பெட்டியையோ படித்தால் பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்று சொல்லும் வாட்-ஹவர் அளவும் தெரியும். பெரிய லேப்டாப்பில் பெரிய பேட்டரி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 41 வாட்-ஹவர் பேட்டரியோடு 15.6 அங்குலம் ஒன்றும், 57 வாட்-ஹவரோடு 14 அங்குலம் ஒன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

விருப்பமான 14 அங்குலத்தைச் சொன்னதும் உள்ளிருந்து பெட்டி வந்தது. பெயர் அதே பெயர், மாடல் எண் வேறு, திரை 15.6. "அது இருப்பு இல்லை மேடம், இது அதைவிடப் பெரியது, அதே விலைக்குத் தருகிறோம்" என்றார்கள். பில் போடும் மேசை வரை போயிருந்தோம். மருமகள் பெட்டியின் மாடல் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டதால்தான் தெரிந்தது. முதலிலேயே இருப்பு இல்லை என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு வருத்தம் இருந்திருக்காது. மாலைப் பொழுது முழுவதையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் பெட்டியை மாற்றி நீட்டுவது வாடிக்கையாளரை மதிக்கும் செயல் அன்று. எழுந்து வந்துவிட்டோம்.

கே.கே.நகரில் ஒரு நடுத்தரக் கடையில் அதே 14 அங்குலம், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 70,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. இதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி அடக்கம். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கான என்ஆர்இ கணக்கு எனக்கு உண்டு; என் சிங்கப்பூர்க் கைபேசி எண்ணோடு இணைந்த அந்தக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகவே கட்டினேன். வெளிநாட்டு எண்களுக்கு 2023-இல் கிடைத்த அனுமதியின் பலன் அது. பில்லை மருமகள் பெயரில் போடச் சொன்னேன். உத்தரவாதம் கேட்டு நாளை போகப்போகிறவள் அவள்தான். கடையிலேயே பெட்டியைத் திறந்து, வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் பதிந்து, உத்தரவாதம் அன்றைய தேதியில் தொடங்குவதைப் பார்த்த பிறகே கிளம்பினோம். கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் ஈடு தரும் கூடுதல் காப்பையும் சேர்த்தோம். வீட்டு மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு அது வேண்டியதில்லை. பஸ்ஸில் பலர் மடி மாறிப் போகும் லேப்டாப்புக்கு அவசியம்.

உறை மட்டும் கடையில் வாங்கவில்லை. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கும் தையல்காரர் ஒருவரிடம், உள்ளே பஞ்சுத் தகடு வைத்துத் தைத்துத் தரும்படி கொடுத்தோம். அவர் லேப்டாப்பை வாங்கி நாலு பக்கமும் அளந்து, மூலைகளில் மட்டும் இரட்டைத் தகடு வைக்கலாம் என்று தாமே சொன்னார். மறுநாள் மாலைக்குள் கிடைத்தது. கச்சிதமாகப் பொருந்தியது.

பெரிய திரை வேண்டும் என்று அண்ணன் சொன்னதில் உண்மை இருந்ததால், மிச்சமிருந்த பணத்தில் 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி அவளுடைய படிப்பு மேசையில் வைத்துவிட்டோம். 10,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதன் பரப்பு 16 அங்குல லேப்டாப் திரையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு கட்டடத்தின் தரைப்படத்தையும் முகப்பையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைக்கலாம். மின்சாரமும் அதிகம் இழுக்காது, வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையாக இருந்து, லேப்டாப் அறையை விட்டு அதிகம் வெளியே போகாது என்றால், சின்ன லேப்டாப், மானிட்டர் என்ற இந்த இரண்டு செலவை விட்டு 16 அங்குலத்தையே வாங்கச் சொல்லியிருப்பேன். முப்பரிமாண மாதிரிகளை மணிக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கும் பெரிய உடம்பும் அதன் விசிறிகளும் தேவை. இவளுக்குத் தினம் இரண்டு பஸ் போக, இரண்டு பஸ் வர.

எண் விசைகள் கேட்ட அண்ணனுக்கு, யுஎஸ்பியில் செருகும் முழு விசைப்பலகை ஒன்று வாங்கினோம். இரவு கடை அடைத்து வந்ததும் லேப்டாப்பை மானிட்டரோடு இணைத்து மகள் தருகிறாள், அவர் கணக்குப் போடுகிறார். மானிட்டரின் தாங்கி மட்டும் உயரம் சரிசெய்ய முடியாத வகை; அடியில் வைக்க ஒரு மரப்பலகைக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறார்.