நாலு நிமிட வாக்கு, மூன்று இரவு வேலை: எங்கள் நகரத்தின் ஒன்லைன் வாக்களிப்பு

2022இல் எங்கள் நகராட்சித் தேர்தல் தீபாவளியன்று வந்து விழுந்தது. அக்டோபர் 24, திங்கட்கிழமை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நகராட்சித் தேர்தலும், பள்ளிகளை நடத்தும் கல்விச் சபையின் தேர்தலும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரின் நான்காவது திங்களில் சேர்ந்தே நடக்கும். பஞ்சாங்கம் பார்த்து நாள் வைப்பதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் வடையை அடுப்பில் விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்க வேண்டி வரவில்லை. யோர்க் பிராந்தியத்தில் நாங்கள் இருக்கும் நகரத்தில் வீட்டில் இருந்தே ஒன்லைனில் வாக்களிக்கலாம். நகரத்தின் பெயரைச் சொல்லவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே தொலைபேசி எடுக்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தபாலில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கடிதம் வந்தது, உள்ளே நீளமான ஓர் இரகசிய இலக்கம். அதையும் பிறந்த திகதியையும் அடித்தால் வாக்குச்சீட்டு திறக்கும். பல நாட்களாக இரவு பகலாகத் திறந்தே இருந்தது. நான் ஒரு புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு, பாத்திரம் கழுவி முடித்த ஈரக் கையோடு குசினி மேசையில் இருந்து போட்டேன். எண்ணி நாலு நிமிடம். எழுத்து பெரிது. ஒரு பதவிக்கு ஒரு பக்கம். முடிவில் நான் தெரிவு செய்தவர்களை எல்லாம் ஒருமுறை காட்டி, சரிதானா என்று கேட்டது. என் வங்கியின் செயலிகூட இவ்வளவு அமைதியாக வேலை செய்வதில்லை.

ஒன்லைன் வாக்களிப்பு இங்கே புதினமில்லை. பக்கத்து நகரமான மார்க்கம் 2003லேயே தொடங்கிவிட்டது. 2022இல் மாகாணத்தின் 444 நகராட்சிகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் இதைப் பாவித்தன. இவருக்கு, என் கணவருக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. 2018 தேர்தலன்று மாலை 51 நகராட்சிகளில் இணையத்தளம் இழுபட்டு, வாக்களிப்பு நேரத்தை நீட்டவேண்டி வந்ததை இன்னும் சொல்லிக் காட்டுவார். ஆனபடியால் கடைசி நாள் வரை வைத்திருக்காதே என்று எனக்குப் புத்திமதி சொல்லிவிட்டு, தான் கடைசி நாள்தான் போட்டார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சிக்கு இந்த வசதி கிடையாது. ரொறன்ரோவில் இன்னும் கடதாசியில் பேனையால் நிரப்பி இயந்திரத்துக்குள் விட வேண்டும். அவள் போகவில்லை, முறுக்குப் பிழிந்துகொண்டு இருந்தாளாம். ரொறன்ரோவில் அந்த முறை முப்பது வீதம் பேர்கூட வாக்களிக்கவில்லை. மிச்ச எல்லாரும் முறுக்குப் பிழிந்தார்கள் என்று சொல்ல முடியாது.

சரி, இனிக் குறை. நகரபிதா, பிராந்தியக் கவுன்சிலர், வட்டாரக் கவுன்சிலர் எல்லாம் முடிந்து கடைசிப் பக்கமாக வருவது கல்விச் சபை உறுப்பினர். நான் புதன்கிழமை நாலு நிமிடத்தில் முடித்தேன் என்றால், அந்தக் கடைசிப் பக்கத்துக்காக அதற்கு முன் மூன்று இரவு மெனக்கெட்டிருந்தேன். மெனக்கெடாதவருக்கு அங்கே தெரிவது பெயர் மட்டும். கட்சி இல்லை, தொழில் இல்லை, இப்போது பதவியில் இருப்பவர் யார் என்ற குறிப்புகூட இல்லை. பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும், சட்டம் அப்படி. எங்களுக்கு எங்கே குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர் விமானம் ஏறி வந்து குடும்பப் பெயராகிவிட்டது. அப்பா ஆனந்தராசா என்றால் பிள்ளை ஆங்கிலப் பட்டியலில் உச்சியில் நிற்கும், யோகநாதன் என்றால் அடியில்.

நகராட்சியின் தேர்தல் பக்கத்தில் வேட்பாளர் பட்டியல் இருந்தது. நகரபிதா வேட்பாளர்களுக்குப் படம், விவாதத்துக்கான இணைப்பு எல்லாம் உண்டு. கல்விச் சபைக்கு நின்ற மூவருக்கும் ஒரு தொலைபேசி இலக்கம், ஓர் ஈமெயில். ஒருவரின் இணையத்தள இணைப்பை அழுத்தினால் வெறும் வெள்ளைப் பக்கம். விவாதம் எதுவும் நடக்கவில்லை. பதினோராம் வகுப்பில் இருக்கும் என் மூத்தவள் சிரித்தாள். கல்விச் சபையில் இருக்கும் மாணவப் பிரதிநிதியைத் தெரிவு செய்யும் அவர்களுடைய தேர்தலில் வேட்பாளர்கள் எல்லாரும் பேசி, கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதானாம் வாக்கு. அந்தப் பிள்ளைக்குச் சபையில் வாக்குரிமைகூட இல்லை. வாக்குரிமை உள்ளவருக்கு ஒரு மேடை இல்லை.

இன்னொரு சிக்கல் எதிர்வீட்டு அக்காவுக்கு நடந்தது. பாஷையூர்க்காரர், கத்தோலிக்கர், பிள்ளைகள் மூவரும் கத்தோலிக்கப் பள்ளியில். வாக்குச்சீட்டைத் திறந்தால் பொதுப் பள்ளிச் சபை வேட்பாளர்கள் வந்து நிற்கிறார்கள். இங்கே நான்கு வகைச் சபை இருக்கிறது: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. ஒருவருக்கு ஒன்றில்தான் வாக்கு. நீங்கள் கத்தோலிக்கச் சபையின் ஆதரவாளர் என்று பதிந்திருக்காவிட்டால் ஆங்கிலப் பொதுச் சபையிலேயே போட்டுவிடுவார்கள். வீடு வாங்கும்போது எந்தக் கடதாசியில் என்ன கீறினோம் என்று யாருக்கு ஞாபகம்? அக்கா அரை மணித்தியாலம் தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்து மாற்றினார். நல்லவேளை, அனுப்பு பொத்தானை அழுத்த முன்னம் கண்டார். அழுத்தியிருந்தால் அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் இதை ஒரு பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் வாட்ஸப் குழுவில் கேள்வியே இருக்கவில்லை. "எங்கட ஆள் நிக்கிறார், எல்லாரும் போடுங்கோ." அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. கல்விச் சபை எங்கள் ஆட்களுக்கு இங்கே அரசியலின் முதற்படியாக இருந்திருக்கிறது. நீதன் சாண் 2006இல் யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவானபோது அது எங்கள் வீடுகளில் பெரிய செய்தி. யுவனிதா நாதன் 2010 முதல் அதே சபையில் இருந்தார், இந்தத் தேர்தலில் மார்க்கம் கவுன்சிலரானார். எங்கள் பெயர் உள்ள ஒருவர் சபையில் இருந்தால் பள்ளிக்குக் கதைக்கப் போகப் பயப்படும் அம்மா ஒருவர் தொலைபேசி எடுப்பார், அது உண்மை. இந்தச் சபைக்கு அது சின்ன விஷயமும் இல்லை. 2016இல் ஓர் உறுப்பினர் ஒரு கறுப்பினத் தாயை இழிசொல்லால் குறிப்பிட்டு, 2017இல் பதவி விலகினார். மாகாணக் கல்வி அமைச்சு ஆய்வாளர்களை அனுப்பி, 22 கட்டளைகள் போட்டது. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பதவியில் கவனம் வந்தது. அதற்கு முதல் இரண்டு தேர்தலில் நான் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தவள்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் போட மனம் வரவில்லை, காரணம் சின்னவன். நான்காம் வகுப்பு. அவனுடைய வகுப்பறை பள்ளிக் கட்டிடத்துக்குள் இல்லை, விளையாட்டு மைதானத்தில் நிற்கும் போர்ட்டபிள் என்ற தற்காலிகத் தனி அறையில். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் சப்பாத்து மாற்றி, குளிர்காலத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கட்டிடத்துக்கு ஓட வேண்டும். அதனால் பிள்ளை பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. போத்தல் போனபடியே திரும்பி வரும்.

மூவருக்கும் ஒரே ஈமெயிலை எழுதினேன். இரண்டே கேள்வி. எங்கள் பள்ளியில் போர்ட்டபிள் எப்போது போகும், அதில் உங்களால் என்ன செய்ய முடியும்? சபையின் இயக்குநர் சரியாக வேலை செய்கிறாரா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? இரண்டாவது கேள்வியை இவர்தான் சேர்க்கச் சொன்னார். கல்விச் சபை உறுப்பினர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வேலைக்கு எடுக்கும் ஒரே ஆள் அந்த இயக்குநர். மிச்ச எல்லாரும் அவருக்குக் கீழே.

முதலாமவர் அடுத்த நாளே முழுப் பக்கத்தில் பதில் போட்டார். வாசிக்க நன்றாக இருந்தது. கணிதப் பாடத்திட்டத்தைத் திருத்துவாராம், வீட்டு வரியில் கல்விக்குப் போகும் பங்கைக் குறைப்பாராம். போர்ட்டபிள் பற்றி ஒரு வரி இல்லை. பாடத்திட்டம், வரி இரண்டுமே அவர் கையில் இல்லாத விஷயங்கள். பாடத்திட்டம் மாகாண அமைச்சின் வேலை. 2020இல் கணிதத்தை மாற்றியது அவர்கள்தான். கல்வி வரி வீதத்தை 1998 முதல் மாகாணமே தீர்மானிக்கிறது. தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று விளங்கவில்லை. எது என்றாலும் எனக்குச் சரிவராது.

இரண்டாமவர் ஐந்து நாள் கழித்து எழுதினார், எட்டு வரி. புதிய கட்டிடத்துக்குச் சபையிடம் சொந்தக் காசு இல்லை, அமைச்சிடம் எந்தப் பள்ளிக்கு முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கேட்க வேண்டும், அந்த வரிசையில்தான் உறுப்பினருக்குச் சொல் இருக்கிறது என்றார். அடுத்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. போர்ட்டபிளைக் குறைக்க இன்னொரு வழி பள்ளி எல்லையை மாற்றுவது, அப்படி மாற்றினால் உங்கள் தெருவும் அடுத்த பள்ளிக்குப் போகலாம், அதற்கு நான் எதிராக வாக்களிப்பேன் என்று இப்போது வாக்குத் தர மாட்டேன் என்று எழுதியிருந்தார். இயக்குநரை எப்படி அளப்பது என்பதற்கு, வாசிப்புப் பெறுபேறு முதல் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு இடைநிறுத்தப்படுகிறார்கள், அவர்கள் எந்தப் பிள்ளைகள் என்பது வரை பார்ப்பேன் என்றார்.

மூன்றாமவர்தான் எங்கட ஆள். பதில் வரவில்லை. தொலைபேசியில் இரண்டு முறை தகவல் விட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலில் துண்டுப்பிரசுரம் கையில் கிடைத்தது, அச்சு வடிவாக இருந்தது. நான்கு விழாக்களில் எடுத்த நான்கு படம். இந்தப் பதவிக்கு நிற்க நூறு டொலர் கட்டினால் போதும், கவுன்சிலர் வேட்பாளரைப் போல 25 பேரிடம் கையெழுத்துக்கூட வாங்கத் தேவையில்லை. அப்படி இருக்கையில் ஒரு தாயின் ஈமெயிலுக்கு இரண்டு வரி எழுதினால் என்ன?

மூன்று இரவும் இதிலேதான் போயின. நகராட்சியோ சபையோ மூவரிடமும் ஐந்து கேள்வி கேட்டு ஒரே பக்கத்தில் பதில்களைப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வாக்களிக்கும் வசதிக்கு ஐந்தில் நாலரை தருவேன். யாருக்கு வாக்களிப்பது என்று அறிய வைத்திருக்கும் வசதிக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் ஈமெயில் முகவரி சரியாக இருந்ததற்கு.

வாக்களிக்கும் வசதிக்கு ஐந்தில் அரையைக் குறைத்தது வேறொரு விஷயம். தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் கடைக்குப் போயிருந்தோம், வீட்டில் மாமி மட்டும். கையில் ஐபாடோடு ஒரு பெடியன் வந்திருக்கிறான். யாருடைய ஆள் என்று மாமிக்குச் சொல்லத் தெரியவில்லை. "அம்மா, அந்தக் கடிதத்தைத் தாங்கோ, நானே போட்டுத் தாறன், உங்களுக்கு ஏன் கரைச்சல்?" மாமி பருத்தித்துறையில் முப்பது வருடம் ஆசிரியை. "தம்பி, சோதினை மண்டபத்தில எத்தினை பேரைப் பாத்தனான். கடிதம் என்னட்டையே இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாராம். உதவி செய்ய வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். ஆனால் வாக்குச்சாவடியில் ஓர் அதிகாரி நிற்பார், குசினி மேசைக்கு அவர் வர மாட்டார். இலக்கத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்பது கடிதத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆங்கிலம் வாசிக்காத ஓர் அம்மம்மா இருக்கிறார்.

தீபாவளியன்று இரவு ஏழரைக்குத்தான் மாமி வாக்களிக்க இருந்தார். எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். விளக்கேற்றி, சின்னவனின் கையில் இருந்த மத்தாப்பை வாங்கி அணைத்துவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டார். நகரபிதாவுக்கு யோசிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, "இதில ஆருக்கு?" என்றார். நான் யாருக்குப் போட்டேன் என்று சொல்லவில்லை. வந்த இரண்டு பதில்களையும் தமிழில் சொன்னேன், மூன்றாமவர் பதில் போடவில்லை என்றும் சொன்னேன்.

முழுப்பக்கக் கடிதத்தைக் கேட்டு முடிய மாமி கேட்டது, "நீ கேட்ட கேள்வி எது?"

"போர்ட்டபிள்."

"அப்ப கேள்விக்கு விடை எழுதேல்லையே. எத்தினை பக்கம் எழுதினாலும் புள்ளி இல்லை." எங்கட ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எட்டு வரிக்காரரின் பெயரில் விரலை வைத்தார். முதல் முறை படவில்லை, விரலில் நெய். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

ஒன்பது மணிக்குள் முடிவு வந்தது. எட்டு வரிக்காரர் வென்றார். புதிய சபை நவம்பர் 15இல் பதவி ஏற்றது. 16ஆம் திகதி அனுப்ப ஓர் ஈமெயில் எழுதி வைத்திருந்தேன், சின்னவனின் தண்ணீர்ப் போத்தல் படமும் சேர்த்து.