ஏ.என்.எம்.மிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ்: பயோடேட்டாவை எந்த வரிசையில் எழுதறது?

கோபியில் ஒரு நர்ஸிங் ஹோமில் 5 வருஷம் ஏ.என்.எம்.மாக, அதாவது துணை நர்ஸ்-மிட்வைஃபாக இருந்தேன். பிறகு 3 வருஷம் ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமோ படித்து, தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், மிட்வைஃப்) பதிவும் வாங்கினேன். கோயமுத்தூரில் வேலை தேடும்போது பயோடேட்டாவை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது, ஜெராக்ஸ் கடைத் தம்பி அடித்துக் கொடுத்த திறமை வரிசை. பிரசவ அறை, ஐ.வி. போடுதல், ஐ.சி.யூ. என்று தலைப்பு தலைப்பாக இருக்கும். வருஷமெல்லாம் கடைசியில் இரண்டே வரி. பார்க்க லட்சணம். படிக்கப் போன 3 வருஷம் கண்ணில் படாது.

இரண்டாவது, வருஷ வரிசை. மேலே பதிவு எண்ணும் தேதியும், அடுத்து ஜி.என்.எம்., அதற்கும் கீழே பழைய வேலை. நான் இதன் பக்கம்தான்.

காரணம் பதிவுத் தேதி. திறமை வரிசையோடு போன முதல் இன்டர்வியூவில் நர்ஸிங் சூப்பிரண்டென்ட் அம்மா ஐ.சி.யூ. தலைப்பில் பேனாவை வைத்து, "இதெல்லாம் எப்பப் பண்ணினது கண்ணு? நர்ஸ் ஆகறதுக்கு முன்னாலயா, பொறகா?" என்று கேட்டார். ஜி.என்.எம். பயிற்சியில் பார்த்ததுதான். ஆனால் காகிதத்தில் அது 5 வருஷ அனுபவத்தோடு கலந்து கிடந்தது. நான் விளக்க விளக்க, பொய் சொல்கிற மாதிரியே ஆகிவிட்டது. ஏ.என்.எம்.முக்கும் கவுன்சில் பதிவு உண்டு, ஆனால் அது வேறு பட்டியல். அந்த அனுபவத்தை ஸ்டாஃப் நர்ஸ் கணக்கில் அப்படியே சேர்க்க மாட்டார்கள். என்.ஏ.பி.எச். என்ற தரச்சான்று வாங்கிய ஆஸ்பத்திரி என்றால் படிப்பு, பதிவு, அனுபவம் மூன்றையும் சரிபார்த்து நம் பைலில் வைத்தாக வேண்டும். தேதியை ஒளித்தால் அவர்களுக்குத்தான் இரட்டை வேலை.

அதனால் பழைய வேலைக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் இருக்கிற பெயரையே போடுங்கள். ஊரே சிஸ்டர் என்று கூப்பிட்டிருந்தாலும் அது ஏ.என்.எம். வேலைதான். தடுப்பூசி, கர்ப்பிணி செக்கப், டிரெஸ்ஸிங் என்று செய்ததை மட்டும் எழுதினால் போதும். படித்த 3 வருஷத்தை இடைவெளி என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை. எந்த வார்டில் எத்தனை வாரம் போஸ்டிங், கேஸ் புக்கில் எத்தனை பிரசவம் என்று எழுதுங்கள். ஐ.சி.யூ.வுக்கு அதுதான் இடம்.

திறமை வரிசை எடுபடும் இடமும் இருக்கிறது. என் கூடப் படித்த பொண்ணு திருப்பூரில் வீட்டோடு நோயாளி பார்க்கும் வேலைக்கு அதைக் கொடுத்தாள், உடனே கூப்பிட்டார்கள். வெளிநாட்டு ஏஜென்சிக்கு நான் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல வரவில்லை. எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலை என்றால் ஆன்லைன் விண்ணப்பம்தான், இந்தப் பேச்சே வேண்டாம்.

வருஷ வரிசையோடு போன இடத்தில் பதிவுத் தேதியை ஒரு பார்வை பார்த்தார்கள், ஒரிஜினலை வாங்கிச் சரிபார்த்தார்கள். அப்புறம் கேட்டதெல்லாம் நைட் டியூட்டிக்கு வீட்டில் விடுவார்களா என்பதுதான்.