இரு சில்லைகள்: கொழிஞ்சாம்பாறை வயலோரத்தில் ஓர் ஒப்பீடு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, தமிழர் மிகுதியாக வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், விதை கொத்தித் தின்னும் புள்ளிச் சில்லையும் வெண்தொண்டைச் சில்லையும் பறவை நோக்கத் தொடங்குவோரைக் குழப்புவதுண்டு. இரண்டும் ஏறத்தாழ 11 செ.மீ. நீளமே உள்ளவை, இரண்டையும் 1758-இல் அறிவியல் முறையில் விவரித்தவர் சுவீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ்.

வளர்ந்த புள்ளிச் சில்லைக்குத் தொண்டை செம்பழுப்பாகவும், வெண்மார்பு மீன்செதில் போன்ற பழுப்பு விளிம்புகள் அடுக்கியதாகவும் இருக்கும். மற்றதற்கு வெளிர்பழுப்பு மேனி, வெள்ளைப் பிட்டம், சாம்பல் அலகு, நீண்டு கூர்ந்த கருவால். புள்ளிச் சில்லையின் இளம்பறவைக்கும் செதில் இராது என்பதால், மார்பை நம்பாமல் வாலையும் பிட்டத்தையும் முதலில் பார்ப்பதே நல்லது.

கூட்டில்தான் வேறுபாடு சுவையானது. புள்ளிச் சில்லை புல்லாலும் மூங்கில் இலையாலும் பக்கவாசல் கொண்ட உருண்டைக் கூடு கட்டும். வெண்தொண்டைச் சில்லைக்கும் கட்டத் தெரியும், ஆயினும் தூக்கணாங்குருவி கைவிட்ட பழங்கூடு கிடைத்தால் அதிலேயே முட்டையிட்டுவிடும். கிணற்றோரப் பனையில் தொங்கும் வெற்றுக் கூடுகளை அலங்காரத்துக்கென்று பறிப்பது எனக்கு வருத்தம் தருவது இதனால்தான்.

நெல்வயலும் உயர்ந்த புல்லும் உள்ள இடத்தில் புள்ளிச் சில்லையைத் தேடலாம். புதியவருக்கு நான் பரிந்துரைப்பது, முட்புதர் நிறைந்த வறண்ட மேட்டில் மறைவின்றித் தெரியும் வெண்தொண்டைச் சில்லையையே.