கிறிஸ்துமஸ் தட்டுக்கு எந்தக் காரம்: கைமுறுக்கா, தட்டையா, மிக்சரா?

கிறிஸ்துமஸ் பலகாரம் என்றதும் பிளம் கேக், கல்கல், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து என்று இனிப்பாகவே வாயில் வரும். அச்சு முறுக்கு பெயரில்தான் முறுக்கு. உள்ளே சர்க்கரையும் தேங்காய்ப்பாலும். தூத்துக்குடிக்காரர்கள் இவற்றோடு மக்ரூனையும் சேர்த்துவிடுவோம். ஆனால் தட்டு போய்ச் சேர்ந்த வீட்டில் முதலில் தீர்வது ஓரமாக வைத்த காரம்தான். போன வருடம் ஒரு வீட்டிலிருந்து தட்டைத் திரும்ப வாங்கப் போனபோது கேக் துண்டு அப்படியே இருந்தது, முறுக்குப் பொடிகூட இல்லை.

காரணம் இருக்கிறது. டிசம்பர் 25 மார்கழியில் வருகிறது. சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். கேக்கில் முட்டை, அவர்கள் தொட மாட்டார்கள். வயதானவர்களுக்குச் சர்க்கரை நோய். ஆக, எல்லா வீட்டிலும் எல்லோரும் கை வைக்கக்கூடியது காரம் ஒன்றுதான். இதனாலேயே மட்டன் கட்லெட்டைப் போட்டியிலிருந்து முதலிலேயே நீக்கிவிடுகிறேன். ருசியில் அதற்கு ஈடில்லை, ஆனால் அது வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குச் சூடாக வைப்பது, தட்டில் வைத்துத் தெரு தாண்டிப் போவது அல்ல.

மீதி மூன்று: கைமுறுக்கு, தட்டை, மிக்சர்.

கைமுறுக்கில் பெருமை அதிகம், பாடும் அதிகம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலாக உலர்த்தி, தொட்டால் குளிர்ச்சி தெரியும்போதே அரைத்துவிட வேண்டும். சலித்த மாவு எட்டுப் பங்குக்கு, வறுத்து அரைத்த உளுந்து மாவு ஒரு பங்கு. அரிசி மாவுக்குக் கோதுமை மாவைப் போல இழுத்துப் பிடிக்கும் பசை கிடையாது. உளுந்துதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. வெண்ணெய் கரகரப்புக்கு. ஆசைப்பட்டு ஒரு கரண்டி கூடப் போட்டால் முறுக்கு எண்ணெயிலேயே பிரிந்து தூளாகும். எள், சீரகம், பெருங்காயம், உப்பு, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் சோதனை. நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கயிறாக இறக்கிக்கொண்டே ஒரு திருகு, ஒரு நகர்த்தல், மறுபடி ஒரு திருகு. பழைய வேட்டித் துணியில் நடுவிலிருந்து வெளியே வட்டம் வளர வேண்டும். என் அத்தை பேசிக்கொண்டே ஐந்து சுற்று சுற்றுவார், ஒவ்வொரு புரியும் அளந்து வைத்ததுபோல் இருக்கும். நான் சுற்றினால் இரண்டாம் சுற்றில் அறுந்து, ஒட்டுப்போட்ட இடம் கட்டி கட்டியாகத் தெரியும். மாவைச் சிறுகச் சிறுகப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும். காய்ந்தால் விரிசல் விழும். எண்ணெயில் போட்டதும் சடசடவென்று நுரைக்கும். அந்தச் சத்தம் அடங்கினால்தான் உள்ளே நீர் போயிற்று என்று பொருள். நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டு எடுத்தவர்களுடைய முறுக்குதான் மூன்றாம் நாள் நமுத்துப் போகிறது.

ஒரு கிலோ அரிசிக்கு எங்கள் வீட்டில் 40 முறுக்கு தேறும். பழகாத கை என்றால் ஒன்றுக்கு நான்கு நிமிடம். பதினைந்து வீட்டுக்கு வீட்டுக்கு நான்கு என்று கணக்குப் போட்டால் 60 வேண்டும். ஒருத்தியாக உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் சுற்று மட்டுமே, இடுப்பு தனிக்கணக்கு. மூன்று பெண்கள் கூடினால் அதுவே ஒரு மாலைப்பொழுது. கூட ஆள் இல்லாதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அச்சில் பிழியும் தேன்குழலைச் செய்யலாமே என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் பக்கத்து வீட்டார் தீபாவளிக்கு நமக்குக் கொடுத்ததே அது. மணப்பாறை முறுக்கை வாங்கி வைப்பவர்களும் உண்டு. இரண்டு முறை பொரித்தெடுக்கும் அந்த முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நல்ல பண்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பேச்சு நம் அடுப்பில் எது என்பது.

தட்டைக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கடையில் வாங்கிய அரிசி மாவே போதும், லேசாக வறுத்துக்கொள்ள வேண்டும். பொட்டுக்கடலை மாவு, உளுந்து மாவு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, ஊறவைத்த கடலைப்பருப்பு, கொஞ்சம் சூடான எண்ணெய். வாழை இலையில் வைத்து விரலால் தட்டினால் ஆயிற்று. எட்டு வயதுப் பிள்ளையைக்கூட உட்கார வைக்கலாம். கோணலாகப் போனாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு கிலோ மாவுக்கு நூற்றுக்கு மேல் வரும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தட்டியதும் முள்கரண்டியால் நாலைந்து குத்து விட வேண்டும், இல்லாவிட்டால் பூரி போல் உப்பி, ஆறியதும் மெத்தென்று ஆகும். ஊறிய பருப்பைத் துணியில் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். ஒருமுறை நான் வடித்ததோடு விட்டுவிட்டேன். எண்ணெயில் பருப்பு வெடித்து முழங்கைவரை தெறித்தது. தட்டையும் பருப்பு இருந்த இடத்தில் மட்டும் சவசவவென்று இருந்தது. மற்றொரு வசதி, தட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். டப்பாவில் இடம் மிச்சம், வண்டியில் கொண்டுபோனாலும் அதிகம் உடையாது. கைமுறுக்கு அப்படியல்ல. சுற்றிலிருந்து ஒரு துண்டு போனாலும் கொடுக்கக் கூச்சமாக இருக்கும்.

மிக்சரை வேலைக்குப் போகிறவர்கள் விரும்புவது நியாயமே. ஓமப்பொடி ஒரு நாள் இரவு, காராபூந்தி மறுநாள், கடலையும் அவலும் கறிவேப்பிலையும் மூன்றாம் நாள் பொரித்துக் கலந்துவிடலாம். அளவு நிறைய வரும். வாயிலும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் தட்டில் வைத்துப் பாருங்கள். கேக்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி மிக்சரை வைத்து நான்கு வீடு தள்ளிப் போவதற்குள் பூந்தி உருண்டு கேக்கின் மேல் உட்கார்ந்துவிடும். கல்கலின் சர்க்கரைப்பாகில் ஓமப்பொடி ஒட்டிக்கொள்ளும். மிளகாய்த்தூள் பட்ட பிளம் கேக்கை ஒரு கிறிஸ்துமஸ் அன்று நான் சாப்பிட்டிருக்கிறேன், போதும். தனிப் பொட்டலம் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு குறைக்கு மருந்து இல்லை. கலந்ததில் ஏதாவது ஒன்று சரியாகப் பொரியாமல் இருந்தால் மொத்த டப்பாவும் நமுத்துவிடும். நிலக்கடலையில் சிக்கு வாடை வந்தால் முழுவதற்கும் வரும். முறுக்கில் ஒன்று கெட்டால் அந்த ஒன்றுதான் கெட்டது.

நமுப்பு நமக்குச் சிறிய விஷயமும் இல்லை. தென்மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. சாதாரண மழை வருடத்திலும் ஊறிய அரிசி உலராமல் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் கிடக்கும். அங்கேயும் தட்டைதான் தப்பிக்கிறது, அது காயவைத்த அரிசிக்குக் காத்திருப்பதில்லை. எதைச் செய்தாலும் முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் நீர் கோத்து, பட்ட பாடு வீணாகும்.

இந்த வருடத்துக்கு என் முடிவு தட்டை. பதினைந்து வீட்டுக்கும் வீட்டுக்கு எட்டு, 22ஆம் தேதி இரவு ஒரே இருப்பில் தட்டிவிடுவேன். மிக்சர் அலுவலகத்துக்கு, மூடியுள்ள டப்பாவில். கைமுறுக்கு அத்தை வந்தால் மட்டும், அதுவும் பத்து. எதிர்வீட்டுப் பாட்டிக்கு நான்கு போக வேண்டும். வாங்கியதும் எத்தனை சுற்று என்று விரல் வைத்து எண்ணிப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். வெறும் தட்டாகத் திருப்பித் தர மாட்டார், ஒரு கை சீனியாவது போட்டுத்தான் தருவார்.