பல்கலைக்கழக வானொலிக் குழுவுக்கு ஆடாசிட்டி: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

மாணவர் வானொலியிலும் வளாகப் பாட்காஸ்டிலும் ஆள் நிலையாக இருப்பதில்லை. இந்த வருடம் தொகுப்பு வேலையைத் தோளில் சுமப்பவர் அடுத்த வருடம் படிப்பு முடிந்து போய்விடுவார். அவர் கணினியில் இருந்த கட்டண மென்பொருளும் அதன் லைசென்ஸும் அவரோடு போய்விட்டால், நிகழ்ச்சி அந்தரத்தில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒலியைப் பதிந்து தொகுக்கும் மென்பொருளான ஆடாசிட்டியை முதல் தேர்வாகச் சொல்லலாம். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அது பிறந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தில்தான்: 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கிய வேலை, 2000 மே மாதம் பொதுவில் வெளியானது. இங்கே பேசுவதெல்லாம் 3-ஆம் பதிப்பு வரிசையைப் பற்றி.

புதிதாக வருபவருக்கு ஒரே மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆர் விசையை அழுத்தினால் பதிவு, ஸ்பேஸ் தட்டினால் நின்றுவிடும், ஷிஃப்ட் + ஆர் என்றால் புதிய தடத்தில் (டிராக்) பதிவு. பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் + எம் தட்டினால் அந்த நொடியில் ஒரு லேபிள் விழும். விருந்தினர் தடுமாறிய இடத்திலும் நல்ல வாக்கியம் சொன்ன இடத்திலும் ஒவ்வொரு குறி வைத்துக்கொண்டே போனால், ஒரு மணி நேரப் பேட்டியை மறுபடி முழுக்கக் கேட்டுத் தேடும் பாடு மிச்சம்.

பதிவின் ஒலியளவு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆடாசிட்டி உள்ளே 32-பிட் ஃப்ளோட்டில், அதாவது மிக உரத்த ஒலியையும் வெட்டாமல் தாங்கும் எண் வடிவில், ஒலியை வைத்திருப்பதால், உரக்கப் பதிவானாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்பார்கள். சாதாரண யூஎஸ்பி மைக்கில் ஒலி எண்ணாக மாறும்போதே உச்சி வெட்டுப்பட்டுவிட்டால், அதற்குப் பின்னால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை. பேச்சின் உச்சங்கள் மீட்டரில் -12 முதல் -6 டெசிபெலுக்குள் ஆடட்டும். வியூ பட்டியலில் கிளிப்பிங் காட்டும் வசதியை இயக்கிவைத்தால் வெட்டுப்பட்ட இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். விண்டோஸில் குரல் திடீரென மங்கி மங்கி வந்தால் மைக்கைக் குறைசொல்லும் முன், அந்த மைக்கின் சவுண்ட் அமைப்பில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்டி ஒட்டும் வேலையில் தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே வெட்டுபவர்கள் இதில் தவறாமல் விழுகிறார்கள். 'பாட்டு' என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'பா' ஒரு தடித்த மேடு. அதன் பின் கோடு தட்டையாகப் படுத்துவிடும். நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கும் 'ட்'டின் மௌனம் அது. பிறகு ஊசிபோல ஒரு சின்ன வெடிப்பு, அதை ஒட்டி மெலிந்த குற்றியலுகரம். கண் அந்தத் தட்டையான இடத்தையே சொல்லின் முடிவு என்று நம்பும். அங்கே வெட்டினால் நேயருக்குக் கேட்பது வெறும் 'பா'. 'கேட்டு', 'பத்து', 'மூச்சு' எல்லாவற்றிலும் இதே கதைதான். அதனால் கன்ட்ரோல் + 1 தட்டி நன்றாகப் பெரிதாக்கி, காதால் கேட்டு, கடைசி உகரம் அடங்கிய பிறகு வெட்ட வேண்டும். வெட்டும் முன் இசட் தட்டினால் தேர்வின் விளிம்புகள் அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகரும். 'டிக்' என்ற சத்தம் பெரும்பாலும் வராது.

இரைச்சல் நீக்கியில் பெருமையும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. பதிவின் தொடக்கத்தில் யாரும் பேசாமல் ஐந்து நொடி அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் புரொஃபைல்', அதாவது இரைச்சலின் மாதிரி, எடுக்க வேண்டும். பிறகு முழுத் தடத்தையும் தேர்ந்தெடுத்து மறுபடி அதே எஃபெக்டைத் திறந்து இயக்க வேண்டும். இரண்டாவது படியை மறந்துவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று கேட்பவர்கள் ஏராளம். பேச்சுக்கு இரைச்சல் குறைப்பை 6 முதல் 9 டெசிபெலில் தொடங்குவதே நல்லது. அதிகமாக இழுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். மின்விசிறி, ஏசி போன்ற மாறாத இரைச்சலுக்கே இது மருந்து. வராண்டாவில் நடக்கும் பேச்சுக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்கும் இதில் வழி கிடையாது. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரசரைப் போடும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். வரிசை மாறினால் கம்ப்ரசர் அடியிலிருந்த இரைச்சலைத் தூக்கிவிடும், இரைச்சலின் அளவும் இடத்துக்கு இடம் மாறும்.

இசைத் தடத்தைப் பேச்சின் கீழே தானாகத் தாழ்த்தும் 'ஆட்டோ டக்' நன்றாகவே வேலை செய்கிறது. பேச்சுத் தடம் இசைத் தடத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும், இசையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இயல்பாக 12 டெசிபெல் தாழும்.

எல்லாக் குழுவும் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு விஷயம்: 3.1 பதிப்பிலிருந்து கிளிப்பின் (தடத்தில் உள்ள ஒலித்துண்டின்) ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கினால், மறைந்த பகுதி அழிவதில்லை. யார் வேண்டுமானாலும் ஓரத்தை மறுபடி இழுத்து அதை வெளியே கொண்டுவரலாம். தொகுப்புக்கு இது பெரிய வசதி. ஆனால், 'இதை மட்டும் போட்டுவிடாதீர்கள்' என்று ஒருவர் நம்பிச் சொன்ன பகுதி அந்த மறைவில் கிடந்து, புராஜெக்ட் கோப்பு பத்துப் பேர் கைக்குப் போனால்? அது அவருக்குச் செய்யும் துரோகம். அப்படிப்பட்ட பகுதியை ஓரம் இழுத்து மறைக்காமல், தேர்ந்தெடுத்து டெலீட் செய்யுங்கள். பிறருக்குக் கொடுக்கும்போது வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுங்கள். வேவில் மறைவிடம் கிடையாது.

கோப்பின் கனம் அடுத்த தலைவலி. 44.1 கிலோஹெர்ட்ஸ், 32-பிட் ஃப்ளோட்டில் ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 21 எம்பி. ஒரு மணி நேரம் 1.27 ஜிபி. ஒரே மைக்கில் ஒருவர் பேசுவதற்கு ஒற்றைத் தட ஒலியான மோனோ போதும், பாதி இடம் மிச்சம். எஃபெக்டுகளைப் போட்டுப் போட்டு அன்டூ செய்தால், அந்த வரலாறும் புராஜெக்டை மூடும்வரை கோப்புக்குள்ளேயே கிடக்கும். புராஜெக்டைப் பென்டிரைவிலோ, இணையத்தோடு ஒத்திசையும் ஃபோல்டரிலோ திறந்துவைத்து வேலை பார்க்காதீர்கள். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 வடிவில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள் வட்டில் வேலையை முடித்து, ஆடாசிட்டியை மூடிய பிறகே நகலெடுங்கள். 2021-இல் வந்த 3.0 முதல் முழுப் புராஜெக்டும் ஒரே ஏயூபி3 கோப்பு. அதற்கு முந்தைய பதிப்புகளில் கோப்பு தனி, டேட்டா ஃபோல்டர் தனி. பழைய நிகழ்ச்சிகள் அந்த வடிவில் இருந்தால் ஃபோல்டரையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். கோப்பு மட்டும் இருந்தால் அதில் ஒலியே இருக்காது.

வெளியிடும் முன், மொத்த ஒலியளவைச் சீராக்கும் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்'. அதில் முன்கூட்டியே நிற்கும் -23 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) ஒளிபரப்புக்கான அளவு. கைப்பேசியில் கேட்கும் பாட்காஸ்டுக்கு அது சன்னமாக இருக்கும், -16 வையுங்கள். மோனோ கோப்பென்றால் 'டூயல் மோனோ' கட்டத்தில் டிக் இருக்கட்டும். எம்பி3 ஏற்றுமதிக்குத் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. கைப்பேசியில் பதிவாகிவரும் எம்4ஏ கோப்பைத் திறக்கத்தான் விண்டோஸில் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் தேவைப்படும்.

வானொலி நாடகம் என்றால் வேறு கருவி பாருங்கள். 3.2 முதல் எஃபெக்டுகளை ஓடும்போதே மாற்றலாம் என்பது உண்மை. ஆனாலும் மழை, கூட்டம், காலடி என்று பத்துப் பன்னிரண்டு தடங்களைக் குழுவாகக் கட்டி ஒரே கைப்பிடியில் ஏற்றி இறக்க வழியில்லை. ஒலியளவை என்வலப் கருவியால் தடம் தடமாக வளைத்துக்கொண்டே போக வேண்டும். ரீப்பர் என்ற இன்னொரு ஒலித்தொகுப்பு மென்பொருளில், பல தடங்களை உள்ளடக்கும் ஃபோல்டர் தடம் ஒன்று போட்டால் அந்த வேலை முடிந்துவிடும். பேட்டி, செய்தித் தொகுப்பு, உரை, விவாதம் ஆகியவற்றுக்கு அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை.